சுவர்க் கிறுக்கலும் சுவரொட்டியும்: உள்ளாட்சி அமைப்புகள் எதைச் செய்தால் சுவர் சுத்தமாக இருக்கும்?

தெற்குமாட வீதி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்னையை அடுத்த ஒரு நகராட்சியில், எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பிரதான சாலையில் பள்ளிச் சுற்றுச்சுவர், பூங்காச் சுவர், மேம்பாலத் தூண்கள், மின்வாரியப் பெட்டிகள் என எதுவும் மிச்சமில்லை. கண்ணீர் அஞ்சலியும் பூப்பு நன்னீராட்டு விழாவும் தலைவர் பிறந்தநாளும் மூலநோய்ச் சிகிச்சையும் அடுத்தடுத்து ஒட்டப்பட்டு, பழைய சுவரொட்டியின் மேல் புதியது ஏறி, சில இடங்களில் விரற்கடை கனத்துக்குக் காகிதம் சேர்ந்திருக்கிறது. அண்மைக் காலமாக இளைஞர்கள் ஸ்பிரே டப்பாவால் தங்கள் புனைபெயரை எழுதிச் செல்லும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

நகராட்சி ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் விட்டு வெள்ளையடிக்கிறது. பெயிண்ட் காய்வதற்குள் பசை வாளி வந்துவிடுகிறது. இவ்வாண்டு சங்கத்திடம் ஓரளவு நிதி இருப்பதால், நகராட்சியோடு சேர்ந்து ஏதேனும் செய்யலாம் என்று நினைக்கிறோம். உறுப்பினர்களில் ஒரு சாரார் சுவரெங்கும் சித்திரம் வரையலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்கிறார்கள். மற்றவர்கள் நான்கு பேரைப் பிடித்து வழக்குப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். பிற நகரங்களில் இவற்றில் எது உண்மையில் பலன் தந்தது என்பதை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

---

ஏழாம் எண் ரயில்

நான் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் வசிப்பவன். இந்த நகரத்தின் சுரங்க ரயில் கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் இங்கே ரயில் பெட்டிகளின் உள்ளும் புறமும் கிறுக்கல் பரவியபோது, மேயர் லிண்ட்சே அதற்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தார். 1972இல் சட்டமும் வந்தது. கைதுகள் நடந்தன, பிடிபட்ட சிறுவர்களே பெட்டியைத் துடைக்க வேண்டும் என்ற தண்டனையும் நடைமுறைக்கு வந்தது. கிறுக்கல் மட்டும் குறையவில்லை. 1977இல் பணிமனையில் பெட்டிகளை அமிலம் கலந்த இரசாயனத்தால் கழுவும் முறையைக் கொண்டுவந்தார்கள். எழுத்து முழுவதும் போகாமல் சேறு பூசியதுபோல மங்கிப் பரவியது. பெட்டியின் உலோகம் அரித்தது. நெடி தாங்காமல் சுற்றுவட்டாரத்தார் புகார் செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில், எங்கள் ஏழாம் எண் தடத்தின் பெட்டிகளுக்கு வெள்ளை வண்ணம் அடித்து, பணிமனையைச் சுற்றி இரட்டை வேலி போட்டு, இரு வேலிகளுக்கும் இடையே காவல் நாய்களை விட்டார்கள். அந்த ஒரு பணிமனையில் பலன் இருந்தது. எல்லாப் பணிமனைகளுக்கும் அதைச் செய்வதென்றால் செலவு மிகுதி.

திருப்பம் வந்தது 1984இல். ரயில்களின் நிர்வாகப் பொறுப்பை டேவிட் கன் என்பவர் ஏற்றபோது ஒரே ஒரு விதியை வகுத்தார்: சுத்தம் செய்யப்பட்ட பெட்டி, அதன்மேல் ஒரு கீறல் மை இருந்தாலும், மீண்டும் பயணிகள் கண்ணில் படக்கூடாது. கிறுக்கல் விழுந்தால் கடைசி நிலையத்திலேயே துடைக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த ரயிலை ஓட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். மொத்தப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் தொடவில்லை. ஒரு தடத்தை எடுத்து முடித்து, அதைக் காப்பாற்றிக்கொண்டு, அடுத்த தடத்துக்குப் போனார்கள். சுத்தமான பெட்டியையும் கிறுக்கல் பெட்டியையும் ஒரே ரயிலில் இணைப்பதையும் தவிர்த்தார்கள். 1989 மே 12 அன்று கடைசிக் கிறுக்கல் பெட்டியும் ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 6,000 பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இரவெல்லாம் உழைத்து வரைந்தவனுக்கு வேண்டியிருந்தது மறுநாள் ஊரார் கண்ணில் அது ஓடுவதுதான். அந்த ஓட்டத்தைத்தான் கன் நிறுத்தினார். எழுதியவர்களைத் துரத்துவதில் பன்னிரண்டு ஆண்டுகள் போயின. எழுதியதைக் காட்டாமலிருப்பதில் ஐந்தே ஆண்டுகளில் காரியம் முடிந்தது. புதிதாக வந்த துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளில் துடைப்பது எளிதாக இருந்ததும், பணிமனைக் காவல் கூடியதும் உதவின என்பதை மறைக்க விரும்பவில்லை. எனினும், அவை மட்டுமே போதுமானவையாக இருந்திருந்தால் முன்பே தீர்ந்திருக்கும்.

---

தோ பாயோ தமிழன்

தண்டனையைப் பற்றி சங்க உறுப்பினர்கள் பேசுகிறார்கள் என்றால் சிங்கப்பூர் எடுத்துக்காட்டு தவறாமல் வரும். எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

இங்குள்ள பொதுச்சொத்துச் சேதச் சட்டம் 1966ஆம் ஆண்டினது. அழியாத வண்ணத்தால் எழுதினால் அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை. அத்துடன் மூன்று முதல் எட்டுப் பிரம்படிகள். அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் அரசின் கவலை எதிர்க்கட்சியினரின் அரசியல் முழக்கங்கள் சுவரேறியதைப் பற்றியதாகவும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1994இல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்கு விதிக்கப்பட்ட ஆறு அடிகள் நான்காகக் குறைக்கப்பட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அவர் வண்ணம் தெளித்தது சுவரில் அன்று, கார்களின்மீது.

தண்டனை இவ்வளவு கடுமையாக இருந்தும், 2010இல் சாங்கி ரயில் பணிமனையின் வேலியை வெட்டி நுழைந்து ஒரு ரயிலின்மேல் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். பிடிபட்ட சுவிட்சர்லாந்துக்காரருக்குச் சிறையும் மூன்று பிரம்படிகளும் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த ரயில் எழுத்தோடு ஓடியபோது, அது ஏதோ புதிய விளம்பரம் என்றே பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு 2014இல் ரயிலில் எழுதிய இரண்டு ஜெர்மானியர்களுக்கும் 2015இல் சிறையும் மூன்று பிரம்படிகளும் கிடைத்தன. ஆக, பிரம்பு உள்ளூர்ப் பிள்ளைகளை அச்சுறுத்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், வேலி பலவீனமாக இருந்த இடத்தில் அது காவல் காக்கவில்லை.

எங்கள் அடுக்குமாடிகளில் அன்றாடத் தொல்லை வேறு வகையானது. சட்டவிரோத வட்டிக்காரர்களின் ஆட்கள், "கடன் வாங்கினாயா, கட்டு" என்ற பொருள்தரும் சுருக்க எழுத்துகளோடு வீட்டு எண்ணையும் படிக்கட்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். நகர மன்றத்தின் துப்புரவாளர்கள் அதை விரைவாக அழித்துவிடுவார்கள். 2012 முதல் அடுக்குமாடிகளில் காவல் துறை பொருத்திவரும் கேமராக்கள் இவ்வகைக் குற்றத்தில் உண்மையாகவே பயன்பட்டிருக்கின்றன. காரணம், எழுதியவன் யாருக்காக எழுதினான் என்பதை விசாரிக்க ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். பதிவைப் பார்ப்பதற்கு ஆளில்லாத கேமராவில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

---

செங்கல்

இந்த இழையில் எல்லோரும் சுவரில் எழுதுவதை நோயாக மட்டுமே பார்க்கிறீர்கள். தொலைக்காட்சியில் ஒரு நொடிக்குக் காசு கொடுக்க முடியாதவனின் ஊடகம் சுவர். தமிழ்நாட்டில் இடதுசாரி இயக்கங்களும் திராவிட இயக்கமும் நீலமும் காவிக்கல்லும் கரைத்துச் சுவரில் எழுதித்தான் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. "சுத்தம்" என்ற பெயரில் அதை அழித்துவிட்டு, அதே சாலையில் நாற்பதடி விளம்பரப் பலகைக்கு வாடகை வாங்கிக்கொண்டு அனுமதி தருவது எந்த வகை நியாயம்?

உள்ளாட்சி அமைப்பு எது கலை, எது கிறுக்கல் என்று தீர்மானிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2010இல் மெல்போர்ன் மாநகராட்சியின் துப்புரவாளர்கள், ஓவியர்களுக்குப் பேர்போன ஹோசியர் சந்தின் பக்கம், முகம் காட்டாத பிரிட்டிஷ் தெருவோவியர் பாங்க்சி வரைந்திருந்த எலியின்மேல் வண்ணம் அடித்துவிட்டார்கள். 2014இல் இங்கிலாந்தின் கிளாக்டன் ஊரில், குடியேறிகளை வெறுப்பவர்களைக் கேலி செய்து அவரே வரைந்த புறாக்களின் ஓவியத்தை, அது இனவெறியைப் பரப்புவதாக வந்த புகாரை நம்பி அவ்வூர் மன்றம் அழித்துவிட்டது. கேலி யாரை நோக்கியது என்பதைப் படித்துப் பார்க்கும் பொறுமைகூட அங்கே இல்லை.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

நண்பர் செங்கல் அவர்களின் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இழையைத் தொடங்கியவரின் சுவரில் இருப்பது எளியவரின் குரலா என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி வணிக விளம்பரமும், பணமுள்ள கட்சியினரின் வாழ்த்துச் சுவரொட்டியுமே. எழுதியவரின் பெயரும் படமும் கைப்பேசி எண்ணும் சுவரிலேயே இருக்கின்றன! நியூயார்க்கில் எழுதியவன் யார் என்று தேட வேண்டியிருந்தது. நம் ஊரில் அந்த வேலை இல்லை. நடவடிக்கை எடுக்கத்தான் ஆள் இல்லை.

நகராட்சிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் உள்நிலவரத்தைச் சொல்கிறேன். திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைச் சீர்குலைப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதன்படி புகார் கொடுக்க வேண்டிய அலுவலர், மறுநாள் அதே வார்டின் உறுப்பினரிடம் போய் நின்று குடிநீர்க் குழாய்ப் பணிக்குக் கையெழுத்து வாங்க வேண்டியவர். அந்த உறுப்பினரின் படமே சுவரொட்டியின் மூலையில் இருக்கும். தேர்தல் நெருங்கினால் வெள்ளையடித்த சுவரில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் போட்டு, "அனைத்துப் பக்கமும்" என்று எழுதி முன்பதிவு செய்துவிடுவார்கள். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்த செலவு நகராட்சியுடையது என்பதையும் கவனியுங்கள்.

இதே அலுவலர்கள் முடியாதவர்கள் அல்லர் என்பதற்கு ஒரு சான்று போதும். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் ஆணையத்தின் விதி செயலுக்கு வருகிறது: அரசு அலுவலக வளாகங்களில் 24 மணி நேரத்துக்குள், பேருந்து நிலையம், ரயில் நிலையம், பாலம் முதலான பொது இடங்களில் 48 மணி நேரத்துக்குள், தனியார் சொத்துகளில் 72 மணி நேரத்துக்குள் சுவரெழுத்தும் சுவரொட்டியும் அகற்றப்பட வேண்டும். மூன்றே நாளில் மாநிலம் முழுவதும் சுவர்கள் வெளுக்கின்றன. சிலைகளுக்குத் துணி சுற்றப்படுகிறது. கல்வெட்டுகளில் காகிதம் ஒட்டப்படுகிறது. ஆட்களும் அவர்களே, வாளியும் தூரிகையும் அவையே. மாறியது என்ன? மாவட்ட ஆட்சியர் ஆணையத்துக்கு நாள்தோறும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது; வேட்பாளருக்கோ, அகற்றும் செலவு தன் தேர்தல் கணக்கில் ஏறிவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது. 2006 சட்டமன்றத் தேர்தலில் சுவர் விளம்பரத்துக்கு எதிரான கெடுபிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பது வயதான வாசகர்களுக்கு நினைவிருக்கும். முடிவுகள் வந்த பிறகு பிடி தளர்கிறது, பசை வாளி திரும்புகிறது.

---

சுண்ணாம்புக் கூடை

பெயிண்டிங் ஒப்பந்தத் தொழிலில் இருப்பவன் நான். சட்டம் பேசுகிறீர்கள், சரி. சுவரைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சுவருக்கும் அடிப்பது பணத்தை வீணாக்கும் வழி. நகராட்சி மதிப்பீட்டில் பெரும்பாலும் சுரண்டும் வேலைக்குத் தொகை இருக்காது. மைதாப் பசை ஊறிய காகிதத்தின் மேலேயே சிமெண்ட் பெயிண்ட் அடித்தால், முதல் மழையில் காகிதம் உப்பி, பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். முதலில் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, தகட்டால் சுரண்டி, பசையைக் கழுவி, காயவிட வேண்டும். ஸ்பிரே எழுத்தின்மேல் நேராக வெள்ளை அடித்தால் சில நாளில் எழுத்து மஞ்சளாக மேலே கசியும். கறை தடுக்கும் பிரைமர் ஒரு பூச்சுக் கொடுத்த பிறகே வண்ணம் அடிக்க வேண்டும்.

அடுத்து, எந்தப் பரப்பு என்பதைப் பொறுத்தே முறை அமையும். பூசிய சுவரென்றால் மேலே வண்ணம் அடிப்பதுதான் மலிவு. அப்படி அடிக்கும்போது அதே நிறம், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அடிக்க வேண்டும். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் சதுரமாக வேறு நிறத்தை அப்பினால், "இங்கே எழுது" என்று பலகை மாட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். வார்டுக்கு ஒரே நிறம் என்று நகராட்சி முடிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துவைத்து, அந்த டப்பாவைக் கிடங்கில் எப்போதும் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மின் பெட்டி போன்ற உலோகத்தில் புதிய எழுத்தைத் தின்னர் துணியால் துடைக்கலாம். சிலநாள் வெயில் பட்டு இறுகிவிட்டால் உள் பெயிண்டும் சேர்ந்து வரும்.

எழுத்துப் பிடிக்காத பூச்சுகளும் உண்டு. ஒரு வகை மெழுகு போன்றது: எழுத்து விழுந்தால் வெந்நீர் அழுத்தத்தில் பூச்சும் எழுத்தும் சேர்ந்து போய்விடும், பிறகு அந்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும். மற்றொன்று பாலியூரத்தேன் வகை: பலமுறை துடைக்கலாம், ஆனால் விலை அதிகம், ஈரம் ஊறும் சுவரில் அடித்தால் உள்ளே நீர் தங்கிப் பூச்சே கொப்புளிக்கும். நம் ஊர்ச் சுற்றுச்சுவர்கள் பல அடியிலிருந்து ஈரம் இழுப்பவை. ஆகவே விற்பனையாளர் சொல்வதை நம்பி முழுச் சுவருக்கும் அடிக்காமல், அடிக்கடி எழுதப்படும் மேம்பாலத் தூண்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கருங்கல்லில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் முறையால் நம் கோவில்களில் எவ்வளவு நுண்வேலைப்பாடு தேய்ந்துபோயிற்று என்பது ஊரறிந்த செய்தி. செஞ்சிக் கோட்டையிலும் சித்தன்னவாசலிலும் காதலர் பெயரைக் கீறி வைத்தவர்களால் நேர்ந்த சேதத்தைவிட, அதை அவசரமாக அழிக்கப் போய் நேரும் சேதம் கூடுதலாகிவிடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால் தொல்லியல் துறையைத் தவிர வேறு யாரும் தொடவே கூடாது. அவற்றைச் சிதைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு அமிலம் ஊற்றுபவரும் சிதைப்பவர்தான்.

---

தெற்குமாட வீதி

சுண்ணாம்புக் கூடை அவர்களுக்கு மிக்க நன்றி. எங்கள் மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோலவே சுரண்டும் வேலைக்குத் தனியாகத் தொகை இல்லை.

எங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சாலையில் இருக்கும் பரப்புகளில் நகராட்சிக்கு உரியவை பாதிகூட இல்லை. மேம்பாலம் ஒரு துறை, மின் பெட்டி ஒரு துறை, தொலைபேசிப் பெட்டி தனியார், சுவர் பள்ளிக்குச் சொந்தம். யாரிடம் கேட்டாலும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

---

குரோய்டன் குமரன்

இதே சிக்கல்தான் பிரிட்டனிலும் இருந்தது. 2003ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டம் அதற்கு ஒரு வழியைக் கொண்டுவந்தது. தெருவோரப் பெட்டிகள், பொதுச்சேவை நிறுவனங்களின் பரப்புகள், கல்வி நிலையங்களின் சுவர்கள் ஆகியவற்றில் கிறுக்கல் இருந்தால், உரிமையாளருக்கு உள்ளாட்சி மன்றம் அறிவிப்புக் கொடுக்கும். குறைந்தது 28 நாள் அவகாசம். அதற்குள் அழிக்காவிட்டால் மன்றமே அழித்துச் செலவை வசூலித்துக்கொள்ளலாம். பின்னர் 2014இல் வந்த சட்டத்தின் வேறொரு அறிவிப்பு முறை இங்கிலாந்திலும் வேல்சிலும் இதன் இடத்தைப் பிடித்தது, அடிப்படை ஒன்றுதான். முன்சொன்ன சட்டமே, 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் விற்பதையும் குற்றமாக்கியது.

நடைமுறையில் அறிவிப்பு அனுப்பும் அளவுக்குப் போவதைவிட, முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுவிடுவதே சுலபமாக இருக்கிறது. "என் பரப்பில் எழுத்து விழுந்தால் மன்றத்தின் ஆட்கள் வந்து அழிக்கலாம், வண்ண மாற்றத்துக்கு நான் வழக்காட மாட்டேன்" என்று ஒரு பக்கப் படிவம். இன, மத வெறுப்பும் ஆபாசமும் என்றால் பல மன்றங்கள் 24 மணி நேரத்துக்குள் அழிப்பதாக உறுதி சொல்கின்றன, மற்றவை வரிசைப்படி. எதற்கு முதலிடம் என்று எழுதி வைத்தால், யார் தொலைபேசியில் அதிகம் கத்துகிறார் என்பதைப் பொறுத்து வேலை நடக்காது.

மேலும், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008இல் "சயன்ஸ்" இதழில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். நிறுத்திவைத்த மிதிவண்டிகளின் கைப்பிடியில் துண்டுத்தாள் கட்டினார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது தாளைக் கீழே போட்டவர்கள் 33 விழுக்காடு; அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 விழுக்காடு. கிறுக்கலைச் சகித்துக்கொண்டால் குப்பையும் கூடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் பார்த்ததில்லை.

---

செங்கல்

சித்திரத்தைப் பற்றி யாரும் பேசாததால் நானே சொல்கிறேன். பிலடெல்பியாவில் 1984இல், மேயர் வில்சன் குட் காலத்தில், கிறுக்கல் எதிர்ப்பு அமைப்பாகத் தொடங்கியதுதான் இன்று அந்நகரின் புகழ்பெற்ற சுவரோவியத் திட்டம். எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளையே அழைத்து, ஜேன் கோல்டன் என்ற ஓவியரோடு சேர்த்து வரைய விட்டார்கள். சுவர் தப்பியதற்குப் படம் அழகாக இருந்தது மட்டுமே காரணமன்று. அதை வரைந்தவன் அதே தெருவில் நடமாடினான்.

சென்னையிலும் 2009இல் அண்ணா சாலை, காமராசர் சாலை ஆகியவற்றில் சுவரொட்டிக்குத் தடை விதித்து, மாநகராட்சி தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. ஃபிளெக்ஸ் வந்ததால் பிழைப்பை இழந்திருந்த பேனர் ஓவியர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்ணம் மங்கியபோது புதுப்பிக்கப்படாத இடங்களில், மயிலின் தோகைமேல் கண்ணீர் அஞ்சலி ஏறியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கண்ணகி நகர் வேறு மாதிரி: அங்கே படங்கள் மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளின் சுவரிலேயே இருக்கின்றன, காவலும் அங்கேயே இருக்கிறது. பள்ளிச் சுவரில் வரைவதானால் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் வரையட்டும். வெளியூர் ஓவியரைக் கூப்பிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடாதீர்கள்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

செங்கல் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். புதுப்பிக்கும் செலவை எழுதாத சித்திரத் திட்டம், பராமரிப்புத் தொகை இல்லாமல் போடும் பூங்கா போன்றது.

பயனடைபவரைப் பொறுப்பாக்குவது பற்றி ஒன்றைச் சேர்க்கிறேன். டெல்லியில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். யாருடைய நலனுக்காக எழுதப்பட்டதோ அவரும், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்காவிட்டால், குற்றவாளியாகக் கருதப்படுவார். அப்படியிருந்தும் பல்கலைக்கழக மாணவர் தேர்தல்தோறும் நகரம் நாறியது. 2024 செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு நடக்கலாம், ஆனால் சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று அதற்கு முந்தைய நாளே உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வேட்பாளர்களே வாளியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எண்ணிக்கை நவம்பர் 25 அன்றுதான் நடந்தது. அபராதத் தொகைக்கு அசையாதவர்கள், தாங்கள் விரும்பிய ஒன்று பூட்டிக் கிடந்ததும் அசைந்தார்கள்.

உங்கள் நகராட்சிக்குத் தேர்தல் ஆணையத்தின் அதிகாரமோ நீதிமன்றத்தின் அதிகாரமோ கிடையாது. ஆனால் திருமண மண்டபங்களும் தனிப்பயிற்சி நிலையங்களும் மருத்துவமனைகளும் ஏதேனும் ஓர் உரிமத்துக்கோ அனுமதிக்கோ நகராட்சியிடம் வர வேண்டியிருக்கும். சுவரில் அவர்கள் பெயர் இருந்தால், புகைப்படத்தோடு அறிவிப்பு அனுப்பி, அகற்றிய செலவை வசூலிக்கும் தீர்மானம் ஒன்றை மன்றத்தில் நிறைவேற்ற முயலுங்கள். சட்டப்படி எந்தப் பிரிவின்கீழ் வசூலிக்கலாம் என்பதை நகராட்சி வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மேல்முறையீட்டிலேயே அது விழுந்துவிடும். கட்சிகளை இதற்குள் கொண்டுவருவது கடினம் என்பதை மறைக்கவில்லை. வணிக விளம்பரம் அகன்றாலே சுவரில் பாதிக்கு மேல் காலியாகும்.

---

தெற்குமாட வீதி

நேற்று மாலை செயற்குழு கூடியது. முழுச் சாலையையும் எடுப்பதில்லை. பள்ளி முதல் பூங்கா வரையிலான ஒரே ஒரு நீளத்தை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. முதலில் முறையாகச் சுரண்டி ஒரே நிறம். பிறகு காலையில் எழுத்தோ ஒட்டோ தென்பட்டால் அன்று மாலைக்குள் அகற்றுவதற்கு ஒரு கூலியாளுக்கு மாதச் சம்பளம். சங்க நிதி இதற்கே போகும். கேமரா வேண்டாம் என்பதைச் சிலர் முணுமுணுப்போடு ஏற்றார்கள். பள்ளித் தலைமையாசிரியர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டார். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர், பெட்டியைத் தொடுவதானால் தம் ஊழியர் உடனிருக்க வேண்டும் என்கிறார். அது நியாயமே.

குரோய்டன் குமரன் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு பக்க ஒப்புதல் படிவத்தின் வாசகத்தை இங்கே பதிந்தால் தமிழில் எழுதிக்கொள்வோம். சுண்ணாம்புக் கூடை அவர்களே, சுவர் கிழக்கு பார்த்தது, அடியில் ஓரடி உயரத்துக்கு ஈரம் இருக்கிறது. அங்கே எந்த வகைப் பெயிண்ட் தாங்கும்?

---

சுண்ணாம்புக் கூடை

ஈரம் உள்ள அந்த ஓரடிக்கு எமல்ஷன் வேண்டாம். உப்புப் பூத்து உரியும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள், அது ஈரத்தை வெளியே விடும். மேலே உள்ள பகுதிக்கு வெளிப்புற எமல்ஷன். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். சுரண்டிய சுவர் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வேண்டும்.